முப்பதில் நின்ற முள்

தினேஸ்வரிக்குக் கோபம் வந்தா புந்தோங் தெருநாய்கூட ரோட்டைக் குறுக்க தாண்டாது. பள்ளிக்கூட வேன் ஓட்டுறவ இல்லையா, வாய் கொஞ்சம் நீளம், ஹாரன் அதைவிட நீளம். அப்படிப்பட்டவ அந்த ஞாயித்துக்கிழமை காலையில பல்லைக் கடிச்சுக்கிட்டு வாய் திறக்காம நின்னா. ஈப்போ எல்லையில ஒரு ரொட்டி சானாய் கடை வாசல். வக்கீல் சேவுகன் அண்ணன் அவ மோட்டார் சைக்கிளைச் சுத்திச் சுத்தி வந்தாரு. கடைசியா ஹெட்லைட்டுக்கு மேல இருந்த, வேகம் காட்டுற வட்ட மீட்டர்கிட்ட குனிஞ்சு, கண்ணாடியை நகத்தால ரெண்டு தட்டு தட்டினாரு.

"பளபளன்னு நல்லாத்தான் இருக்கு. ஆனா இது பொம்மை மீட்டர்ம்மா. இதை நம்பியா சுங்காய் வரைக்கும் போகப் போற?"

"போய்க் காட்டுறேன் அண்ணே. நீங்க அங்க நின்னு பாருங்க."

சேவுகன் அண்ணன்தான் பழைய மோட்டார் கிளப்புக்குத் தலைவரு. செட்டியார் வீட்டுப் பிள்ளை, எதையும் சட்டப்படிதான் பேசுவாரு, சாயாவுக்குச் சீனி போடுறதுக்குக்கூட ஒரு விதி வெச்சிருப்பாரு. அடுத்த மாசம் கிளப்பு மோட்டாருங்க எல்லை தாண்டி தாய்லாந்து ஹாட்யாய்க்குப் போகுது. எல்லா இடமும் நிரம்பிப் போயி மிச்சம் ஒரே ஒரு இடம். அதுக்கு நாலு பேரு போட்டி. தினேஸ்வரி அதுல ஒருத்தி. அந்த இடம் அவளுக்கு வேணும். சோறு தண்ணி இல்லாட்டியும் பரவால்ல, அது வேணும்.

வேண்டாமா பின்னே? அந்த பி.எஸ்.ஏ. மோட்டாரை அவ எங்கேருந்து தூக்கிட்டு வந்தான்னு நினைக்கிறீங்க? சுங்காய் பக்கம், முன்னே கித்தா ரப்பர்த் தோட்டமா இருந்து இப்ப செம்பனையாப் போன எஸ்டேட்டுல, ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுற பழைய கொட்டகையில கிடந்துச்சு. மீட்டர் இருக்க வேண்டிய ஓட்டையில குளவி கூடு கட்டியிருந்துச்சு. குளவி கொட்டி வீங்கின கையோட வேன்ல ஏத்திக்கிட்டு வந்தவ, மூணு வருஷமா ராவுன்னும் பகலுன்னும் பாக்காம ஒவ்வொரு சாமானாத் தேடிப் பிடிச்சு அதை உசுரோட எழுப்பினா. எல்லாம் வந்துச்சு, மீட்டர் மட்டும் வரல. அசல் இங்கிலீஷ் மீட்டர் விலையைக் கேட்டா நெஞ்சை அடைக்கும்.

அப்பத்தான் கல்யாண நாளுக்கு அவ புருஷன் தர்மா ஒரு சின்னப் பெட்டியை நீட்டினான். தர்மாவுக்கு மோட்டாரைப் பத்தி ஒரு எழவும் தெரியாது. பேரங்காடியில ஸ்டோர் வேலை, வேலை முடிஞ்சா கோயில் உறுமி மேளக் குழுவுல பம்பை அடிக்கிறவன். மோட்டார்ல ஏறணும்னாலே அவன் நாலு அடி தள்ளி நிப்பான். ஆனா பொண்டாட்டி மேசையில ஒட்டி வெச்சிருந்த பழைய படத்தை உத்துப் பாத்து, போன்ல தேடு தேடுன்னு தேடி, கிலோமீட்டர் போட்டதை எல்லாம் தள்ளிட்டு, அதே கறுப்பு முகம், அதே வெள்ளை எண், அதே மைல் கணக்குன்னு மலிவா ஒண்ணைப் பிடிச்சு வாங்கிட்டான். பெட்டியைத் திறந்த தினேஸ்வரி போட்ட கூச்சல்ல பக்கத்து வீட்டுக்காரங்க பதறிப்போய் எட்டிப் பாத்தாங்க.

மாட்டி ஓட்டிப் பாத்தா, ஆகா! முள்ளு சும்மா விறுவிறுன்னு ஏறுது. "அறுபது மைல்ல அலுங்காமப் போச்சு அண்ணே"ன்னு அவ கிளப்புல அளந்து விட்டா. வேன் ஓட்டுறவளுக்கு வேகம் தெரியாதான்னு நீங்க கேப்பீங்க. தெரியும். ஆனா அந்த மோட்டார் போடுற சத்தத்துலயும் உதறுற உதறல்லயும் நடந்து போனாக்கூட பறக்குற மாதிரிதான் இருக்கும். போதாததுக்குக் காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு இல்லையா?

கிளப்பு ஆளுங்க சிரிச்சாங்க. அதுலயும் டிரையம்ஃப் மோட்டார் வெச்சிருக்கிற சீனி, அவனும் இதே இடத்துக்குப் போட்டி போடுறவன், தர்மா முன்னாடியே கேட்டான்: "மச்சான், அந்த மீட்டருக்குப் பாட்டரி தனியா வாங்கணுமா, கூடவே குடுத்தானுங்களா?" தர்மா மூஞ்சி சுண்டிப் போச்சு. அதைப் பாத்ததும் தினேஸ்வரிக்கு உச்சந்தலையில ஏறிருச்சு. "நாளைக்கு நீயும் என் பின்னாடி ஏறுற. நீ வாங்கின மீட்டர் எப்படி ஜெயிக்குதுன்னு உன் கண்ணாலயே பாரு"ன்னுட்டா.

போட்டி ஓட்டப் பந்தயம் இல்ல. சேவுகன் அண்ணன் விதியை வாசிச்சாரு. "மணிக்கு முப்பது மைல், அதாவது நாப்பத்தெட்டு கிலோமீட்டர். ஈப்போவுல இருந்து சுங்காய் வரைக்கும் பழைய ரோட்டுல அதே சராசரி. முந்தினாலும் தப்பு, பிந்தினாலும் தப்பு. நடுவுல எங்கயோ ஒரு இடத்துல ஆள் ஒளிஞ்சிருந்து நேரம் எடுக்கும். கடிகாரம், போன் எல்லாம் இந்த பிஸ்கட் டின்னுக்குள்ள போடணும். மோட்டாரோட சேத்துக் கட்டியிருக்கிறதை மட்டும் வெச்சுத்தான் ஓட்டணும். அப்புறம் ஒண்ணு, போன வருஷம் ஒருத்தன் மச்சானோட மீட்டரை இரவல் வாங்கி மாட்டி ஜெயிச்சுட்டு, பயணத்துல ஓட்டையோட வந்து நின்னான். அதனால இன்னிக்கு மோட்டார் எப்படி ஓடுதோ அப்படியேதான் ஹாட்யாய்க்கும் போகணும். ஒரு திருகாணி கூடக்கூடாது, குறையக்கூடாது. சரிதானே?"

"சரி அண்ணே"ன்னு நாலு பேரும் தலையாட்டினாங்க.

தர்மா பின்னாடி ஏறி உக்காந்தான். உக்காந்தவன் பழைய டியூபை அறுத்த ரப்பர் வாரை இடுப்பைச் சுத்தி இழுத்து, சீட்டுக் கம்பிக்கு அடியில கொடுத்து, ரெண்டு முடிச்சுப் போட்டு இறுக்கினான். சந்தையில கோழிக்கூண்டு கட்டுவாங்களே, அதே கட்டு. சேவுகன் அண்ணனுக்கே சிரிப்பு வந்துருச்சு. "என்ன தர்மா, சாமானோட சாமானா?"

"விழுந்தா மோட்டாரோடயே விழுறேன் அண்ணே."

கொடி இறங்கிச்சு. தினேஸ்வரி ஒரே உதையில மோட்டாரை எழுப்பி ரோட்டுல விட்டா. முள்ளு ஏறி முப்பதுல நின்னுச்சு. அட, நின்னதுன்னா அப்படி ஒரு நிலை! கையை அசைக்காம அவ அதை அங்கேயே பிடிச்சா. சுண்ணாம்பு மலைங்க பக்கத்துல நகருது, காத்து நெஞ்சுல மோதுது, அவளுக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு. ஜெயிச்சாச்சுன்னே நினைச்சுட்டா.

கொஞ்ச நேரத்துல பின்னாலே கிளம்பின சீனி விர்ர்ருன்னு தாண்டிப் போனான். "பய ரொம்ப வேகம் போறான், தோத்தான்!"னு சிரிச்சா. அப்புறம் அடுத்தவன் தாண்டினான். அதுக்கும் சிரிச்சா. அப்புறம் கப்சாய் குட்டி மோட்டார்ல முன்னாடி வாழைத்தார், பின்னாடி கேஸ் சிலிண்டர் தோம்புன்னு கட்டிக்கிட்டு ஒரு சீனப் பெரியவரு தாண்டினாரு. தாண்டும்போது திரும்பிப் பாத்து, பாவம் உங்க மோட்டாருக்கு ஏதும் கோளாறாங்கிற மாதிரி கையைக் காட்டிட்டுப் போனாரு. அப்பத்தான் தினேஸ்வரிக்குச் சிரிப்பு நின்னுச்சு.

"தினேஸ்"னு பின்னாலேருந்து தர்மா கத்தினான். "கண்ணைத் திறக்கலாமா?"

"இவ்வளவு நேரம் மூடிக்கிட்டா வந்த?"

"ஆமா. பயத்துக்கு உன் தோள்ல தாளம் தட்டி நடை போட்டுக்கிட்டு வாரேன். ரோட்டோரக் கிலோமீட்டர் கல்லு வர்றப்ப மட்டும் ஒரு கண்ணைத் திறப்பேன்."

தோள்ல ஏதோ தட்டுதுன்னு அவளும் நினைச்சா, உதறல்னு விட்டுட்டா. அது உதறல் இல்ல. போன வருஷம் உறுமி மேளப் போட்டியில பதட்டத்துல ஓட்டம் ஓட்டமா அடிச்சு இவங்க குழு தோத்துப் போச்சு. அதுலேருந்து ஆறு மாசமா தர்மா போன்ல நொடிக்கு ஒரு டிக் வர்ற கருவியை வெச்சு, நடையை அசையாமப் பிடிக்கப் பழகியிருந்தான். சமையக்கட்டுல, கக்கூஸ்ல, தூக்கத்துலகூட. புந்தோங்குல அந்தத் தெருவே அவனைச் சபிச்சுச்சு. இப்ப கருவி பிஸ்கட் டின்னுல கிடந்தாலும் நடை அவன் விரல்ல இருந்துச்சு.

"கல்லுக்குக் கல்லு, நொடிக்கு ஒண்ணுன்னு நூத்தியிருபது தாள அடி வருது. ஒவ்வொரு கல்லுக்கும் அதேதான். ரொம்ப அழகா ஓட்டுற தினேஸ்!"

"நூத்தியிருபதா?" அவ மனசுக்குள்ள கணக்குப் போட்டா. "அப்ப ஒரு கிலோமீட்டருக்கு ரெண்டு நிமிஷமா? அய்யோ, அப்ப மணிக்கு முப்பது கிலோமீட்டர்ல!" முள்ளைப் பாத்தா. முள்ளு முப்பதுல சிங்கம் மாதிரி நிக்குது. "முப்பது! அதே முப்பது! அட பாவிங்களா, உள்ள இருக்கிறது கிலோமீட்டர் மிஷினு, வெளிய மைல் மூஞ்சியை ஒட்டி வித்துட்டானுங்க!"

தோள்ல தட்டும் நின்னு போச்சு. அப்புறம் மெதுவா, "நான்தான் தினேஸ் மைல் போட்டதைத் தேடிப் பிடிச்சு வாங்கினேன். உன் ஹாட்யாய்ல மண்ணைப் போட்டுட்டேன்"னான்.

தினேஸ்வரிக்குக் கோபம் வந்துச்சு, அவன்மேல இல்ல. "ஏய்! அழுறதை அப்புறம் வெச்சுக்கலாம், கையை நிறுத்தாத! மீட்டர் பொய் சொல்லல. அது உண்மையத்தான் சொல்லுது, நமக்குத்தான் பாஷை புரியல. நாப்பத்தெட்டுல பிடிச்சா முப்பது மைல். கல்லுக்கு எழுபத்தஞ்சு அடி. இதுவரைக்கும் எத்தனை கல்லு?"

"பத்து."

வேன்காரி மூளை கடகடன்னு ஓடுச்சு. கல்லுக்கு நாப்பத்தஞ்சு நொடி விட்டிருக்கு. இனிமே அறுபதுல போனா கல்லுக்கு அறுபது அடி, பதினஞ்சு நொடி மிச்சம். ஒரு கல்லுல விட்டதை மூணு கல்லுல பிடிக்கலாம். பத்துக்கு முப்பது. "முப்பது கல்லுக்கு அறுபது அடி! அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற ஆளு வந்துச்சுன்னா நாம அம்போ. வரலன்னா தப்பிச்சோம். போலாமா?"

"போ தினேஸ்!"னு கத்தினான் தர்மா. மோட்டார்னாலே நாலு அடி தள்ளி நிக்கிறவன் வாயிலேருந்து வந்த வார்த்தை அது.

அவ முறுக்கினா. அந்தக் கிழட்டு பி.எஸ்.ஏ. செருமிச்சு, தும்முச்சு, அப்புறம் பாருங்க, கயிறு அறுத்த காளை மாதிரி கிளம்பிச்சு. முள்ளு அறுபதைத் தொட்டுச்சு. தோள்ல தட்டு, தட்டு, தட்டு. சரியா அறுபதாவது தட்டுல கல்லு வருது! "வந்துருச்சு!"ன்னு தர்மா கத்துறான். அடுத்த கல்லு, "வந்துருச்சு!" கோப்பெங் தாண்டிச்சு. வாழைத்தார் பெரியவரைத் தாண்டினாங்க, அவரு கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாரு. எதிர வர்ற லோரி, ஓரத்துல ஈயம் தோண்டின குட்டைங்க, டுரியான் பழக் கடைங்க, எல்லாத்தையும் பாத்து தினேஸ்வரி உஷாரானா. எந்தக் குடைக்குப் பின்னாடி ஆள் ஒளிஞ்சிருக்கோ யாரு கண்டா? கம்பார் சிவப்பு விளக்குல நிக்கிறப்பகூட தர்மா நிறுத்தல, அடிச்சுக்கிட்டே இருந்தான். "நாப்பது அடி நின்னோம். அதையும் சேத்துப் பிடி"ன்னான். பக்கத்துக் காருக்காரரு கண்ணாடியை இறக்கி, பொண்டாட்டியை இந்த அடி அடிக்கிறானேன்னு ஒரு பார்வை பாத்தாரு.

விட்டதை எல்லாம் பிடிச்சப்ப தாப்பா நெருங்கியிருந்துச்சு. "போதும், எழுபத்தஞ்சு!"ன்னு தர்மா சொன்னான். முள்ளு நாப்பத்தெட்டுக்கு இறங்குச்சு. அப்பாடான்னு மூச்சு விட்டா. விட்ட மூச்சு மூக்கைத் தாண்டல, படபடன்னு மழை பிடிச்சுக்கிச்சு.

மலிவு மீட்டர் இல்லையா, மழைக்கு அது என்னத்தைக் கண்டுச்சு? கண்ணாடிக்கு உள்பக்கமே ஆவி ஏறி, பாலை ஊத்தின மாதிரி வெளுத்துப் போச்சு. முள்ளும் தெரியல, எண்ணும் தெரியல. தினேஸ்வரி கையால துடைச்சா, உள்ள இருக்கிற ஆவி வெளிய துடைச்சாப் போகுமா?

"தர்மா! மீட்டர் குருடாப் போச்சு!"

"கன்சியோங் ஆகாத, பதறாத!" அவன் குரல்ல பயமே இல்ல. மழையில நனைஞ்சு, வாரால கட்டுண்டு, ரெண்டு கண்ணையும் அகலத் திறந்து வெச்சிருந்தான். "நான் அடிக்கிறேன், நீ ஓட்டு. கல்லு முந்தி வந்தா இடது தோளை அமுக்குறேன், குறை. பிந்தி வந்தா வலது தோள், கூட்டு."

அப்படியே போனாங்க. பீடோர் தாண்டினதும் கல்லுங்களை லாலான் புல்லு மறைச்சிருந்துச்சு, தர்மா கழுத்தை நீட்டி நீட்டித் தேடிப் பிடிச்சான். இடது தோள், குறைச்சா. வலது தோள், கூட்டினா. கொஞ்ச நேரத்துல தோளை அமுக்கவே தேவை இல்லாமப் போச்சு. மோட்டார் போடுற டப்டப்பும் அவன் விரலும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிற மாதிரி ஆகி, அவ கை தானா அடங்கிச்சு. கல்யாணம் கட்டி எட்டு வருஷத்துல ஒரு நாளும் இவன் இப்படி என் கூட வந்ததில்லையேன்னு நினைச்சா. அழுகையா வந்துச்சு, சிரிப்பா வந்துச்சு, மழையில எது எதுன்னு அவளுக்கே தெரியல. சந்தோஷம் மட்டும் நல்லாத் தெரிஞ்சுச்சு.

சுங்காய் டவுன் முனையில சுண்ணாம்புக் கோடு. அதைத் தாண்டி மோட்டாரை நிறுத்தினா. கூரைக்கு அடியில நின்னுக்கிட்டிருந்த சீனி ஓடி வந்து மீட்டரைப் பாத்தான். "அலாமாக்! பூசணிக்காய் மாதிரி வெளுத்துருச்சே மச்சான்"னு விழுந்து விழுந்து சிரிச்சான்.

சேவுகன் அண்ணன் மக கவிநயா வந்து சேர்ந்ததும் அந்தச் சிரிப்பு நின்னுச்சு. தாப்பாவுக்கும் பீடோருக்கும் நடுவுல டுரியான் கடைக் குடைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்தது அவதான். அப்பாகிட்ட நேரத்தைக் குடுத்தா. அவரு ஒரு தடவை பாத்தாரு, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு இன்னொரு தடவை பாத்தாரு.

"சீனி ஒரு நிமிஷத்துக்கு மேல பிசகு. மத்த ரெண்டு பேரு அதுக்கும் மேல. தினேஸ்வரி..." நிறுத்தினாரு. "நடுவுலயும் கடைசிக் கோட்டுலயும் சேத்து ஏழு நொடிதான் பிசகு."

"யாஹூ!"ன்னு தினேஸ்வரி குதிச்ச குதியில தண்ணி நாலு பக்கமும் தெறிச்சுச்சு.

"இரும்மா. இந்த மீட்டர்ல மூஞ்சியே தெரியல. எதை வெச்சு ஓட்டின?"

அவளுக்குப் பொய் சொல்ல வராது. கிலோமீட்டர் மிஷின், மைல் மூஞ்சி, தோள்ல தட்டு, எல்லாத்தையும் மூச்சு விடாமக் கொட்டித் தீத்தா. சீனிக்கு முகம் மாறுச்சு. "அண்ணே, இது எப்படி? மோட்டாரோட கட்டினதை மட்டும்தானே வெச்சு ஓட்டணும்? மனுஷனை வெச்சு நேரம் பாத்தா அது கடிகாரம் மாதிரித்தானே?"

எல்லாரும் சேவுகன் அண்ணன் வாயைப் பாத்தாங்க. விதின்னா அவரு பெத்த மகளுக்கும் வளைய மாட்டாரு. அவரு மெதுவா நடந்து மோட்டாருக்குப் பின்பக்கம் போனாரு. தர்மா இன்னும் இறங்கல. இறங்கப் பாத்தான், முடியல. ரப்பர் வாரு மழையில நனைஞ்சு முடிச்சு இறுகிப் போயி, வேட்டைக்குப் போனவன் தூக்கிட்டு வந்த பன்னி மாதிரி சீட்டோட சீட்டா மாட்டிக்கிட்டு முழிச்சுக்கிட்டிருந்தான்.

சேவுகன் அண்ணன் அந்த முடிச்சை இழுத்துப் பாத்தாரு. ரெண்டு தடவை இழுத்தாரு. அசையல.

"சீனி, விதி என்ன சொல்லுது? மோட்டாரோட சேத்துக் கட்டியிருக்கிறது. இவன் கட்டியிருக்கானா இல்லையா?"

சீனிக்கே சிரிப்பு பீறிட்டுக்கிட்டு வந்துச்சு. "கட்டியிருக்கான் அண்ணே. காலையிலயே கட்டினான், நானே பாத்தேன்."

"அப்ப செல்லும். கடைசி இடம் தினேஸ்வரிக்கு." அவ கத்த வாயெடுக்கிறதுக்குள்ள அவரு விரலைத் தூக்கினாரு. "ஆனா ரெண்டாவது விதியும் இருக்கு. இன்னிக்கு எப்படி ஓடுச்சோ அப்படியேதான் ஹாட்யாய்க்கும் போகணும். ஒரு திருகாணி குறையக்கூடாது. இவன் வரலன்னா இடமும் இல்ல."

வீட்டுலேருந்து கிளம்புறப்பவே தர்மா சாமி முன்னாடி நின்னு சத்தியம் பண்ணியிருந்தான்: இன்னிக்கு ஒரு நாள்தான், இனி சாகுற வரைக்கும் மோட்டார்ல ஏற மாட்டேன்னு. அவனைக் கட்டாயப்படுத்த அவளுக்கு மனசு வரல. திரும்பி அவனைப் பாத்தா. தலையிலேருந்து தண்ணி சொட்டச் சொட்ட அவன் மீட்டரைப் பாத்துக்கிட்டிருந்தான். வெளுத்துப் போன அந்தக் கண்ணாடியில நடுவால மட்டும் ஆவி கொஞ்சம் விலகி, முள்ளு லேசாத் தெரிய ஆரம்பிச்சிருந்துச்சு.

கவிநயா வாரை அறுக்கக் கத்தியோட வந்தா. தர்மா கையைக் குறுக்க நீட்டி அவளைத் தடுத்தான்.

"அதை அறுக்காதம்மா, வேணும்"னான். அப்புறம் சேவுகன் அண்ணனைப் பாத்துக் கேட்டான்: "அண்ணே, தாய்லாந்துலயும் ரோட்டோரம் கல்லு நட்டிருப்பானுங்கல்ல?"